எட்டாமிடத்துக்கு நகர்ந்த செவ்வாய்

என் ஜாதகத்தில் செவ்வாய் ஒன்பதாமிடத்தில், சொந்த வீட்டில், ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறார். நான் பிறந்த கையோடு காரமடை ஜோசியர் பார்த்துச் சொல்லி, ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதியும் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து செவ்வாய் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அவரைக் கிளப்பி, ஒரு வீடு தள்ளி எட்டாமிடத்தில் குடிவைத்த பெருமை பல்லடத்தில் ஒரு கோழிப்பண்ணைக் கம்ப்யூட்டரைச் சேரும்.

1997ஆம் வருஷம். கோயமுத்தூரில் தெருவுக்கு ஒரு பேக்கரி இருந்தது போக, தெருவுக்கு ஒரு கம்ப்யூட்டர் சென்டரும் முளைத்திருந்தது. நான் ராம்நகரில் சென்னகேசவன் நடத்திய டி.டி.பி. கடையில் வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, மில் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி என்று மனிதனுக்கு நேரக்கூடிய எல்லாவற்றையும் அங்கே அடித்துத் தருவோம். கடையில் இருந்தது ஒரே ஒரு மேக் கம்ப்யூட்டர். சென்னகேசவன் தினமும் கடை திறந்ததும் சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிவிட்டு, மிச்சப் புகையை அதற்கும் காட்டுவார்.

மனிதர் நல்லவர்தான். ஆனால் அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எதையாவது தாளில் ஓரிடத்தில் நிறுத்த வேண்டுமென்றால், அந்த இடம் வரும்வரை ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கொண்டே போவார். அதற்கென்றே டேப் என்று ஒரு சாவி அதே கீபோர்டில் இருப்பதை நான் பலமுறை தொட்டுக் காட்டினேன். "கண்ணளவு இருக்கறப்ப அதெல்லாம் எதுக்கு அம்மணி?" என்பார். அந்தச் சாவி புதுக்கருக்குக் குலையாமல் அப்படியே இருந்தது.

எங்கப்பா காளிச்சாமிக்குக் காரமடைப் பக்கம் தென்னந்தோப்பு. எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்ததும் அவருக்கு ஒரு ஆசை வந்தது.

"ஜாதகத்தைக் கம்ப்யூட்டர்ல அடிச்சுத் தரச் சொல்லு கண்ணு. நோட்டைக் காட்டுனா நம்மளைப் பட்டிக்காடும்பாங்க."

கடையில் சொன்னதும் சென்னகேசவன் என்னை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டார். "உன்ற ஜாதகத்தை நீயே அடிச்சா நல்லாவா இருக்குது? நகரு" என்று தாமே உட்கார்ந்தார். முதலில் கட்டத்துக்குக் கோடு போட்டார். பிறகு அதன்மேல் எழுத்து. ஸ்பேஸ் தட்டித் தட்டி நவகிரகங்களையும் அவரவர் வீட்டில் கொண்டுபோய் நிறுத்தினார். கோடு தன்பாட்டுக்கு நிற்கும். கிரகங்கள் நிற்பது வெறும் காலியிடத்தை நம்பித்தான். சொல்லிப் பார்த்தேன். பிரிண்ட் எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டி, "எங்கியாவது கோணலா இருக்குதா?" என்றார். இல்லை. அவ்வளவு அழகாக நான் என் விதியைப் பார்த்ததே இல்லை.

பல்லடத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையன் சுரேந்தர். அப்பா செங்கோடன், கோழிப்பண்ணைக்காரர். பேச்சில் பாதி கோழியும் மீதி, பண்ணைக் கணக்குக்காகப் புதிதாக வாங்கியிருந்த கம்ப்யூட்டரும். சுரேந்தர் என்னிடம், "என்ன வேலை செய்யறீங்க?" என்று கேட்டார். கேட்டதோடு நிற்காமல் பதிலையும் முழுதாகக் கேட்டார். என்னைப் பார்க்க வந்தவர்களில் அதுவரை யாரும் அவ்வளவு தூரம் போனதில்லை. "கல்யாணத்துக்கப்புறம் வேலையை உட்டுபோடாதீங்க. பல்லடத்துலயே ஒரு சென்டர் போட்டுக்கலாமுங்க" என்றும் சொன்னார். எனக்கு அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று. இதில் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. இவரைத்தான் கட்டிக்கொள்வது என்று காபித் தம்ளரை எடுத்து உள்ளே வைக்கும்போதே முடிவு செய்துவிட்டேன்.

எங்கப்பா பெருமையாக ஜாதகப் பிரிண்டை நீட்டினார். செங்கோடன் கை நீட்டவில்லை.

"பேப்பரெல்லாம் எதுக்குங்க? நம்ம ஊட்டுலதான் கம்ப்யூட்டர் இருக்குதே. ஃப்ளாப்பியாவே குடுத்துபோடுங்க. எங்க ஜோசியருக்கு நானே பிரிண்டு போட்டுக் காட்டிக்கறேன்."

எங்கப்பாவுக்கு முகமெல்லாம் வெளிச்சம். காரமடை வட்டாரத்திலேயே ஃப்ளாப்பியில் போகும் முதல் ஜாதகம் எங்கள் வீட்டுடையது அல்லவா? நல்ல நாளாகப் பார்த்து, வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பழம் வைத்த தட்டின் நடுவில் ஃப்ளாப்பியை வைத்துக் கொடுத்தார். அதன் தலையில் சந்தனப் பொட்டு வேறு. பொட்டைத் துடைத்துவிட்டு உள்ளே போடச் சொல்லுங்கள் என்று நான் சொன்னதை யாரும் சட்டை செய்யவில்லை. செங்கோடன் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அந்த வாரமே அவரிடமிருந்து போன் வந்தது.

"ஏனுங்க, பொண்ணுக்கு எட்டுல செவ்வாயை வெச்சுக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லாம இருந்துட்டீங்களே. எங்களுக்கு இருக்கறது ஒரே பையனுங்க."

எங்கப்பா ரிசீவரை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பெண்ணுக்கு எட்டாமிடம் மாங்கல்ய ஸ்தானம். அங்கே செவ்வாய் உட்கார்ந்தால் கட்டுகிறவன் ஆயுளுக்கு உத்தரவாதம் இல்லை என்பார்கள். இப்படி ஒரு சொல் ஒரு வீட்டிலிருந்து கிளம்பினால் சாதிசனம் முழுக்கச் சுற்றி வரும். அடுத்து வருகிற மாப்பிள்ளை வீட்டுக்கு என் பெயர் தெரிவதற்கு முன்னால் என் செவ்வாயைத் தெரியும். எனக்கு அடுத்த மாப்பிள்ளை பற்றிய கவலையே இல்லை. இந்த மாப்பிள்ளை போய்விடுவாரே என்பதுதான் என் கவலை.

என்ன நடந்திருக்கும் என்று கேட்டவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் மேக்கில் இருந்த தமிழ் எழுத்து, அதாவது ஃபான்ட், அவர்கள் விண்டோஸில் இருக்காது. இல்லாத எழுத்தைக் கேட்டால் கம்ப்யூட்டர், "என்னிடம் அது இல்லை, பதிலுக்கு வேறொன்று போடட்டுமா?" என்று ஒரு பெட்டி காட்டும். நம் ஊரில் கம்ப்யூட்டர் எது கேட்டாலும் ஒரே பதில்தான், ஓகே. பதிலுக்கு வந்த எழுத்தும் தமிழ்தான். ஆனால் அதில் காலியிடம் கொஞ்சம் தாராளம். அந்தத் தாராளத்தில் கிரகங்கள் ஒவ்வொன்றும் வலப்பக்கமாக நகர்ந்திருக்கும். கோடு மட்டும் போட்ட இடத்திலேயே நின்றிருக்கும்.

அதே எழுத்தின் விண்டோஸ் ரகத்தைச் சென்னகேசவனிடம் கேட்டு வாங்கி இன்னொரு ஃப்ளாப்பியில் எடுத்துக்கொண்டேன். எங்கள் பிரிண்ட், ஜோசியர் நோட்டு, அப்பா எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு பல்லடம் பஸ் ஏறினேன்.

செங்கோடன் வீட்டில் கம்ப்யூட்டர், சாமி அறையை ஒட்டி, பூப்போட்ட துணி போர்த்தி இருந்தது. அவர்கள் எடுத்த பிரிண்டை மேஜைமேல் விரித்தார். நான் நினைத்தபடியேதான். கீழ் வரிசையில் செவ்வாய் தன் வீட்டிலிருந்து கிளம்பி அடுத்த கட்டத்துக்கு வந்திருந்தார். அதே வரிசைக் கடைசியில் இருக்க வேண்டிய கேது கட்டத்தைவிட்டே வெளியேறி, பேப்பர் ஓரத்தில் அநாதையாக நின்றார்.

"ஏனுங்க மாமா, கேது கட்டத்துக்கு வெளிய நிக்கறாருங்களே. எந்த ஊர்லீங்க இப்படி ஜாதகம் இருக்குது?" என்றேன்.

"அதையும் கேட்டுட்டனுங்க அம்மணி. கேது ஞானகாரகன், பந்தத்துல நிக்காதுன்னு ஜோசியர் சொல்லிப்போட்டாரு."

அப்படிப்பட்ட ஞானியிடம் நான் ஸ்பேஸ் பாரைப் பற்றி என்னவென்று சொல்வது? இருந்தாலும் சொன்னேன். எழுத்து மாறியதை, இடம் நகர்ந்ததை எல்லாம் பொறுமையாக, கோழிக்குத் தீனி வைப்பதுபோல் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். சுரேந்தர் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா நோட்டைப் பிரித்து ஒன்பதாமிடத்தில் விரல் வைத்துக் காட்டினார்.

செங்கோடன் நோட்டைத் தொடக்கூட இல்லை. "கையில எழுதுனதுல ஆயிரம் தப்பு வரும், கம்ப்யூட்டர்ல வராதுன்னு அன்னிக்கு நீங்கதானுங்களே சொன்னீங்க?"

சொன்னார்தான். ஊரெல்லாம் சொன்னார். எங்கப்பா நோட்டை மூடிக்கொண்டார்.

"அப்ப எங்க பிரிண்டும் கம்ப்யூட்டர்ல வந்ததுதானுங்களே" என்று அதை நீட்டினேன்.

செங்கோடன் ரொம்ப மரியாதையாகச் சிரித்தார். "தப்பா நினைச்சுக்காதீங்க அம்மணி. நீங்க வேலை செய்யற கடையில அடிச்சது. வேணுங்கற எடத்துல வெச்சுக்கலாமுங்களே."

எங்கள் ஊர்ப் பக்கம் கழுத்தை அறுப்பதானாலும் இரண்டு 'ங்க' போட்டுத்தான் அறுப்பார்கள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. துணியை விலக்கி, யாரையும் கேட்காமல் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். கொண்டுபோன எழுத்தை ஏற்றினேன். ஃபைலைத் திறந்தேன்.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செவ்வாய் ஒன்பதாமிடத்தில், தன் சொந்த வீட்டில் உட்கார்ந்திருந்தார். கேதுவும் ஞானத்தை விட்டுவிட்டுக் கட்டத்துக்குள் வந்துவிட்டார். அவருக்கு எதிரே ராகு, இருக்க வேண்டிய இடத்தில். ஒரு புள்ளி பிசகில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சுரேந்தரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தேன்.

அவர் தன் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செங்கோடன் திரைக்குக் கிட்டே குனிந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து எங்கப்பாவிடம் திரும்பினார்.

"பாத்துட்டீங்களா? வந்து உக்கார்ந்ததும் செவ்வாயைத் தூக்கி அந்தப் பக்கம் வெச்சுப்போட்டுதே உங்க பொண்ணு. கிரகத்தையே நகர்த்தற பொண்ணு நாளைக்கு எங்க ஊட்டுல எதையெல்லாம் நகர்த்துமுங்க?"

நான் தோற்றிருந்தால்கூடத் தோஷக்காரி என்பதோடு போயிருக்கும். நிரூபித்ததால் இப்போது பித்தலாட்டக்காரியும் ஆனேன். எங்கப்பா எழுந்து தோளில் துண்டைப் போட்டுக்கொண்டார். செங்கோடன் எழுந்து நின்று, "மோர் குடிச்சுட்டுப் போலாமுங்க" என்றார். உபசாரத்தில் அவர்களை யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. மோர் வந்தது. குடித்தோம்.

அப்பா முன்னால் பஸ் நிறுத்தத்துக்கு நடந்துவிட்டார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு கேட்டருகே வந்தபோது சுரேந்தர் பின்னாலேயே வந்தார். வந்துவிட்டார், இப்போது பேசுவார் என்று கேட்டில் கை வைத்தபடி நின்றேன்.

"ஏனுங்க, உங்க மேல எனக்குத் துளிகூடச் சந்தேகமில்லீங்க" என்றார். "ஃபைலைத் திறந்தது நான்தானுங்க. வேற எழுத்துப் போடட்டுமான்னு கேட்டுச்சு, போட்டுட்டேன். கேது வெளிய போனதைப் பாத்தப்பவே, இது எழுத்தால வந்த கோளாறுன்னு தெரிஞ்சுதுங்க."

எனக்கு ஒரு நிமிஷம் காது கேட்கவில்லை. "தெரிஞ்சும் உள்ள ஏனுங்க சொல்லல?"

"அப்பா பேசறப்ப குறுக்க எப்படிங்க…" என்று கழுத்தைத் தடவிக்கொண்டார். என் பதிலை அன்றைக்கு அவ்வளவு கவனமாகக் கேட்ட மனிதர் ஏன் அப்படிக் கேட்டார் என்பது எனக்கு இப்போதுதான் புரிந்தது. கேட்பது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த வேலை.

நான் கேட்டைத் திறந்தேன். அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். இன்னும் ஏதோ சொல்ல வந்தார்.

"நீங்க ஏத்துன எழுத்து இருக்குதுங்களே, அது கம்ப்யூட்டர்ல அப்படியே இருக்கட்டுங்களா? இனி வர்ற ஜாதகத்துக்கும் ஆகுமுங்க."

இனி வருகிற ஜாதகம். என் ஜாதகம் இன்னும் திரையிலிருந்து மறையக்கூட இல்லை.

"இருக்கட்டுங்க" என்றேன். வருகிறவள் செவ்வாயாவது அவள் வீட்டில் இருக்கட்டும்.

எங்கள் பக்கம் ஒரு வீட்டைவிட்டுக் கிளம்பும்போது யாரும் போகிறேன் என்று சொல்வதில்லை. சண்டை போட்டுக்கொண்டு கிளம்பினாலும் வாரேன் என்றுதான் சொல்வோம். இழவு வீட்டில் மட்டும்தான் அதையும் சொல்லாமல் வருவோம். நான் ரோட்டில் கால் வைத்துவிட்டுத் திரும்பி, அவர் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னேன்.

"போறேனுங்க."

அவருக்கு நன்றாகவே புரிந்தது. முகம் சட்டென்று வெளுத்தது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை.