எண்ணி முடியும் வரை

அந்தப் பிராந்தியத்தில் ஜனநாயகத்தை வளர்ப்பதற்காகப் பதினோரு நாடுகள் கூடி நடத்தும் அலுவலகத்தில் யாரும் எதற்கும் ஓட்டுப் போட்டதில்லை. ஓட்டுப் போட்டால் ஒருவர் தோற்பார். தோற்றவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அடுத்த வருஷம் கூட்டத்துக்கே வரமாட்டார். அதனால் வேறொரு வழி வைத்திருந்தார்கள். தீர்மானத்தின் வரைவு எல்லா நாடுகளுக்கும் போகும். கூடவே ஒரு கெடு. அதற்குள் எவரும் ஆட்சேபம் எழுதவில்லையென்றால் பதினோரு நாடுகளும் மனமுவந்து ஏற்றதாக அர்த்தம். மௌனம் சம்மதம் என்று கல்யாணப் பெண்ணுக்குச் சொன்னதை இவர்கள் அரசாங்கங்களுக்குப் பொருத்திவிட்டார்கள். செயலாளரின் பதவிக்காலமே இரண்டு முறை இப்படித்தான் நீண்டது. ஊழியர்கள் முதுகுக்குப் பின்னால் அவரைச் சர்வசம்மதம் என்பார்கள்.

அந்த அலுவலகத்தில் வரைவுகளை எழுதும் ஊழியை அவள். யாருக்கும் நோகாமல் எழுதுவது அவளுக்குக் கைவந்த கலை. இந்த முறை மட்டும், நோகட்டும் என்றே ஒரு வாக்கியத்தை விட்டுவைத்திருந்தாள். மூன்றாம் இணைப்பில், தேர்தல் பார்வையாளர்களின் தங்குமிடம், பயணப்படி, கழுத்தில் மாட்டும் அட்டையின் நிறம் இதற்கெல்லாம் பிறகு, ஈ காக்கை எட்டிப் பார்க்காத மூலையில் அது இருந்தது. ஒரு நாட்டின் தேர்தலைப் பார்வையிட மற்ற நாடுகள் அனுப்பும் குழு, கடைசி வாக்கை எண்ணி முடியும் வரை சாவடியை விட்டு அகலக் கூடாது.

சென்ற முறை ஒரு நாட்டின் தேர்தலுக்குப் போன குழுவில் அவளும் இருந்தாள். வாக்குப்பதிவு முடிந்த கையோடு பேருந்து வந்து நின்றது. குழுத் தலைவர் எல்லோரையும் ஏற்றித் தலைகளை எண்ணினார். அன்று அவள் கண்ணால் பார்த்த எண்ணிக்கை அது ஒன்றுதான். 'தேர்தல் முழுத் திருப்தி' என்ற அறிக்கை அச்சாகி இருக்கைகளில் தயாராகக் கிடந்தது. சாவடி வாசலில் நின்ற ஒரு பெண் ஜன்னல் பக்கம் வந்து, "நீங்க கெளம்பிட்டா எண்றப்ப யாரு இருப்பா?" என்று கேட்டாள். அதில் கோபம்கூட இல்லை. இன்னும் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகலாமே என்று விருந்தாளியைக் கேட்பது போல இருந்தது. அந்தக் குரல் அவளுக்குள் வாடகையில்லாமல் குடியேறிவிட்டது.

இன்று நண்பகலில் கெடு முடிகிறது. காலையில் சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, ரொட்டி ஏதாவது சொல்லுதா?" என்றான் கணவன்.

"பன்னண்டு வரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அதுதான் என் வேண்டுதல்."

"நம்ம வீட்டு முறைதானே அது. நீ சொல்லுவ, நான் சும்மா இருப்பேன், தீர்மானம் நிறைவேறிடும்."

"நீங்க எங்க சும்மா இருந்தீங்க? முனகிக்கிட்டேதானே இருப்பீங்க."

"முனகல் கணக்குல வராதுன்னு நீதானே சொன்ன!"

அலுவலகத்தில் செயலாளர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, எங்கிருந்தாவது சத்தம் வந்ததா?"

"இல்ல சார்."

"எல்லாரும் படிச்சிருப்பாங்கல்ல?"

"படிச்சிருந்தா சத்தம் வந்திருக்குமே சார்."

நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார். பதினோரு கொடிகளும் போட்ட கேக்குக்குச் சொல்லியாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்போதுதான் தொலைபேசி அடித்தது. பதினொன்றில் ஆகச் சிறிய நாட்டின் தூதரகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த இளம் அதிகாரி. முதல் கூட்டத்திலேயே அவளை அக்கா என்று கூப்பிட்டு ஒட்டிக்கொண்ட பெண்.

"அக்கா, நான் முழுசாப் படிச்சேன்."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். "எதை?"

"வரைவை. மூணு இணைப்பையும். அந்தக் கடைசி வரி எழுதின கைக்குத் தங்க வளையல் போடணும்க்கா! நான் ஆட்சேபம் எழுதப் போறேன்."

"நல்லாருக்குன்னு சொல்லிட்டு ஏம்மா ஆட்சேபம்?"

"நல்லாருக்கு, ஆனா பத்தாது. எண்ணின கணக்கை அங்கயே சாவடி வாசல்ல ஒட்டணும்னு சேர்க்கணும். எல்லாரும் உக்காந்து பேசுவோமே. அதுக்குத்தானே இந்த ஆபீசு?"

அதற்குத்தான். ஆனால் ஆட்சேபம் பதினோரு நாடுகளுக்கும் போகும். எல்லோரும் அந்தப் பக்கத்தைத் திறப்பார்கள். திறந்தால் முதலில் வெட்டுப்படுவது அந்த வரிதான். இத்தனை வருஷம் கருத்தரங்கு நடத்தி உண்டாக்க நினைத்த குடிமகள் கடைசியில் ஒருத்தி கிடைத்திருக்கிறாள்; அவள் வாயைப் பொத்த வேண்டும்.

"இப்ப நேரம் சரியில்லம்மா. எல்லாரும் ஒத்துமையா இருக்கறப்ப நாம போய் கல்லெறிய வேணாம். மொதல்ல இது வரட்டும், மத்ததை அப்புறம் பாத்துக்கலாம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

சொற்கள் தேடாமலே வந்தன. பின்வரிசையில் உட்கார்ந்து எத்தனை மேடைகளிலிருந்து கேட்டது! மறுமுனையில் குரல் சுருதி இறங்கி, "சரிக்கா, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றது. அந்தக் குரல் தணிந்தபோது தனக்குள் ஏதோ ஒன்று நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்ததை அவள் கவனித்தாள். அதற்காக வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அது எவ்வளவு சுகமாக இருந்தது என்பதுதான் பயமாக இருந்தது.

பன்னிரண்டு அடித்தது. தீர்மானம் நிறைவேறியது.

"ஒரு குரல்கூட எதிரா எழும்பல. இதுக்குப் பேர்தான் ஜனநாயகம்!" என்று கத்தியை உயர்த்தினார் செயலாளர். எந்தக் கொடியை முதலில் வெட்டுவது என்று தெரியாமல் கேக்கை ஓரத்தில் கிள்ளினார். எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள். மறுபடியும் தொலைபேசி.

"அக்கா, மணியாச்சு. இப்ப வாயைத் திறக்கலாமா?"

"கொஞ்சம் பொறும்மா. தலைவர்கள் கையெழுத்துப் போட்டாத்தான் நடைமுறைக்கு வரும். அது வரைக்கும்..."

"அது எப்பக்கா?"

"அடுத்த வருஷ மாநாட்டுல. தள்ளிப் போடாம இருந்தா."

"வர்ற மாசம் எங்களுக்குத் தேர்தல்க்கா. அதனாலதான் விழுந்து விழுந்து படிச்சேன்."

அவளுக்கு அது தெரியும். தேதிகள் எல்லாம் அவள் மேஜையில்தான் இருந்தன. தெரிந்ததைக் காலையிலிருந்து நினைக்காமல் இருந்திருக்கிறாள்.

"குழுவுல நான் இருக்கேன். நான் வரேன்" என்றாள்.

"வருவீங்க. எப்பவும் போல பஸ்ஸு வந்து நிக்குமே, அப்ப?"

"யாரும் ஆட்சேபிக்கலன்னா இருந்துடுவேன்."

வாய் தானாகச் சொன்னது. அந்தப் பெண் கலகலவென்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"நீங்க இருக்கறதுல உங்களுக்கே ஆட்சேபம் இல்லையேக்கா?"

போட்டோவுக்கு எல்லோரும் வரிசையாக நின்றுவிட்டார்கள். "வாம்மா, உனக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கோம்" என்று செயலாளர் கையசைத்தார்.

"இருங்க சார்," என்றாள் அவள், ரிசீவரைக் கையால் பொத்தாமலே. "நான் இன்னும் பதில் சொல்லல."