மூன்று மந்திரிகளும் ஒரு என்ஜினும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொன்பதாம் ஆண்டு நவம்பரில் எங்கள் உக்ரைன் குடியரசின் மந்திரிசபை ஒரே ரயில் பெட்டிக்குள் அடங்கிவிட்டது. பதினொரு மந்திரிகளில் மிஞ்சியவர்கள் மூன்று பேர். தட்டச்சு செய்ய ஒடார்கா என்கிற நான். சின்ன ஸ்டேஷன் ஒன்றில் ஐந்து நாளாக நின்றிருந்தோம். கிழக்கே ரஷ்யாவின் செம்படை, மேற்கே போலந்துக்காரர்கள்; இரண்டு பக்கமும் எதிரிகள். கழிப்பறைக் கதவுகூட உறைந்து திறக்கவில்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம் டிரைவர் ஹாரிட்டோன் படியேறி வந்தான்.

"விறகெல்லாம் ஈரம். பெட்டிய இழுக்க ஆவி பத்தாது. என்ஜின மட்டும் தெற்குப் பாலம் தாண்டி ஓட்டிடலாம். ரெண்டு பேர் ஏறலாம். சீக்கிரம் சொல்லுங்க."

ரயில்வே மந்திரி வெர்ஹுன் என் பக்கம் திரும்பினார். "குறிப்பு எடும்மா. அவசரக் கூட்டம்."

"கூட்டமா?" ஹாரிட்டோன் சிரித்துவிட்டான். "ஐயா, உங்க ரயில்வேல ஓடுறது இது ஒண்ணுதான்!"

என்ஜினில் யார் ஏறுவது என்று வாக்கெடுப்பு நடந்தது. மூவரும் தங்கள் பெயரையே சொன்னார்கள். மறுபடி நடந்தது. மறுபடி அதேதான்.

"ஏ பொண்ணு, இவங்க பேசி முடிக்க மாட்டாங்க. நீ வா," என்றான் ஹாரிட்டோன். எழுந்துவிட்டேன்.

"குறிப்பு இல்லாட்டி முடிவு செல்லாதும்மா. பத்தே நிமிஷம்," என்றார் வெர்ஹுன்.

உட்கார்ந்தேன். ஏன் உட்கார்ந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் முறை நீதி மந்திரி லஹோதா மெல்லக் கையைத் தூக்கினார். "எனக்கு முட்டி வலி. நீங்க ரெண்டு பேரும் போங்கப்பா."

அதை அடித்துக்கொண்டிருக்கும்போதே விசில் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தோம். என்ஜின் கைகாட்டியைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஹாரிட்டோன் பக்கத்தில் ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவி, கையில் ஒரு ஆட்டுக்குட்டியோடு.

யாரும் யாரையும் திட்டவில்லை. பெட்டிக்குள் திரும்பி, கோட்டுகளைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தோம்.

சாயங்காலம் செம்படைக் குதிரைகள் வந்தன. அதிகாரி என் விரல்களைப் பார்த்தான்.

"டைப் அடிப்பியா?"

"அடிப்பேன்."

"அப்ப எந்திரிக்காத."

கைதிகளின் பட்டியலை அதே நாற்காலியில் அமர்ந்து அடித்தேன். லஹோதா குனிந்து சொன்னார்: "என் பேர அப்பா பேரோட முழுசாப் போடும்மா. வீட்டுக்காரி தேடி வந்தா கண்டுபிடிக்கணும்."

அப்படியே அடித்தேன். அந்தப் பெட்டியிலிருந்து அவர்கள் என்னை விடுவிக்க ஏழு மாதமாயிற்று. அதுவரை அவரைத் தேடி யாரும் வரவில்லை.