மட்டையோடு ஓடிய மகேந்திரராஜா

இன்று அமெரிக்காவின் பெரிய பேஸ்போல் லீக்கில் பந்தெறிகிற டில் பிராண்ட்னரின் பந்தை ஒரே அடியில் ஆற்றுக்கு மேலே ஓடும் தொங்கு ரயிலின் கூரையில் ஏற்றி, மூன்று தரிப்பிடம் வரை டிக்கெட் இல்லாமல் அனுப்பியவர் மகேந்திரராஜா. சொன்னது அவரேதான். சாட்சி, வுப்பர் ஆற்றில் நின்ற ஒரு கொக்கு.

ஜெர்மனியின் வுப்பர்டால் நகரத் தமிழர் வீட்டுப் பிறந்தநாள்களில் கேக் வெட்டாமல் விட்டாலும் விடுவார்கள், இந்தக் கதையை விடமாட்டார்கள். ஆனால் இந்தக் குளிர்காலத்தில் மகள் மிதுசா சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

"ஞாபக மறதி பாக்கிற டொக்டரிட்டை டெர்மின் எடுத்திருக்கிறன் அப்பா. நேரமும் தந்திட்டினம்."

"எனக்கோ மறதி? போன வருசத் தீபாவளிக்கு நீ வைச்ச கறியில உப்பில்லை எண்டது இப்பவும் நாக்கில நிக்குது."

"பகிடி விடாதேங்கோ. அடுப்பை எரியவிட்டிட்டு ரெண்டு தரம் வெளியில போயிட்டியள். நடக்காததை நடந்தது எண்டு நம்புறதும் அந்த வருத்தம்தான்."

அடுப்பு உண்மை. அதனால்தான் மகேந்திரராஜாவுக்கே சந்தேகம் வந்தது. சொல்லிச் சொல்லி மினுக்கிய கதைக்கு அடியில் உண்மையில் நடந்த ஆட்டத்தை நினைவில் தேடினார். சில நாள் கிடைத்தது. சில நாள் கொக்கு மட்டும் நின்றது.

"பிள்ளை, ரயில் புளுகு. கொக்கும் புளுகு," என்றார் கடைசியில். "டில் எறிஞ்ச பந்தை அடிச்சது உண்மை. அவன் இங்கை ஆடின கழகத்து மைதானத்தில நான் புல்லு வெட்டிக்கொண்டிருந்தனான். ஒருநாள் ஒன்பதாவது ஆள் வரேல்லை, என்னைப் பிடிச்சு நிப்பாட்டிட்டாங்கள். அடிச்சுப்போட்டு, கிரிக்கெட் ஆடின பழக்கத்தில மட்டையையும் கொண்டே ஓடினன். பேஸ்போலில பேஸ் எண்ட மூலைத் தட்டைக் காலால மிதிக்கவேணும். நான் மட்டையால தொட்டுப்போட்டு ராசா மாதிரி நிண்டன். மிதிக்காததால அவுட். வெக்கத்தில இதை ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

மிதுசா அவரை இரக்கத்தோடு பார்த்தாள். ஏசியிருந்தால்கூட அவருக்குச் சுகமாக இருந்திருக்கும். "இது இன்னொரு புதுக் கதை அப்பா."

"அடுப்புக்காகக் கூப்பிடு, டொக்டரிட்டை வாறன். பந்துக்காக எண்டால் வரமாட்டன்."

அந்தச் சனிக்கிழமை, உள்ளூர் லீக்கில் விளையாடி அமெரிக்கா வரை போன இருவருக்குக் கழகத்தில் பாராட்டு. ஒருவர் வரவில்லை, குளிர்கால விடுமுறைக்கு ஊர் திரும்பியிருந்த டில் வந்திருந்தான். "டில்லிட்டைக் கேப்பம். அவர் நடக்கேல்லை எண்டு சொன்னால் சண்டை பிடிக்காமல் டெர்மினுக்கு வரவேணும்," என்று மிதுசா தகப்பனைக் கூட்டிப்போனாள்.

டில் பனைமர உயரம். வாசல் நிலைதான் அவனுக்கு உயர்ந்து வழிவிட்டிருக்கும். மகேந்திரராஜாவின் கையை மரியாதையாகக் குலுக்கினான். முகத்தில் அவரை அறிந்த அடையாளம் ஒன்றும் இல்லை. ஒருவேளை மகள் சொல்வதுதான் சரியோ?

"என் அப்பா எப்போதாவது உங்கள் பந்தை எதிர்கொண்டாரா?" என்று மிதுசா ஜெர்மனில் கேட்டாள். "முன்பு இங்கே புல் வெட்டியவர்."

டில் அவருடைய கையை விடாமல் குனிந்து பார்த்தான்.

"புல் வெட்டியவரா? மட்டையோடு ஓடி வந்தவரா? என் வேகமான பந்து அது! எல்லாருடைய தலைக்கும் மேலால் போனது. இவரோ பேஸை மட்டையால் தொட்டுவிட்டு, கும்பிடுங்கள் என்பது போல நின்றார். அமெரிக்காவில் எங்கள் அணிக்கு எத்தனை தடவை சொல்லிவிட்டேன், ஒருத்தனும் நம்புகிறானில்லை!"

மகேந்திரராஜா டில்லின் கையை இன்னொருமுறை குலுக்கினார்.

மிதுசா அவரது கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நடந்திருக்கு அப்பா," என்றாள். "நான்தான் நம்பேல்லை."