இரண்டாவது மணிச்சத்தம்

ஏறாவூர் நெசவுக் கொட்டிலில் ஐந்து தறிகளும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் எல்லோருடைய காதும் அஸீமாவின் போனில் இருந்தது. அவர்கள் நெய்யும் சாறன்களைக் கட்டுக் கட்டாக எடுக்கும் கொழும்பு முதலாளி இப்போது கூலியைக் கையில் கொடுப்பதில்லை, வங்கிக்கு வங்கி போனிலேயே அனுப்பிவிடுவார். வங்கிக் கணக்கும் நல்ல போனும் அஸீமாவிடம் மட்டும் இருந்ததால் ஐந்து பேரின் கூலியும் அவள் கணக்குக்கே வரும். காசு வந்த செய்திக்குப் போனில் மணி அடித்தால் தறிகள் நிற்கும். அவள் போய்க் காசை எடுத்துவந்து பங்கு வைப்பாள். போனுக்கென்று ஆளுக்குக் கொஞ்சம் அவளுக்கே விட்டுவிடுவார்கள்.

நஸீறாவுக்கு இன்று அந்தக் காசு வந்தே ஆக வேண்டும். அவளுடைய வலக்கண்ணில் வெள்ளை படர்ந்துவிட்டது, இடக்கண்ணும் மங்கிக்கொண்டு வருகிறது. நாளைக்கு ஆசுபத்திரியில் கண்ணை வெட்டி வெள்ளையை எடுக்கிறார்கள். வெட்டுவதற்குக் காசு வாங்குவதில்லை, உள்ளே வைக்கிற லென்ஸை மட்டும் வெளியே வாங்கிவரச் சொல்லியிருந்தார்கள். இந்த நாள் தவறினால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. அறுந்த இழையைக் கண்ணால் தேடுவதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள். விரலால் தடவித்தான் பிடிக்கிறாள்.

முதலாளி போனில் பேசினார். "போட்டுட்டன், பாருங்க" என்றார். அவர் வாய் மூடுமுன் மணி அடித்தது. தறிகள் நின்றன.

"வந்திட்டு மாமி!" என்று அஸீமா சிரித்தாள். நஸீறா கால்களைத் தறிக்குழியிலிருந்து வெளியே எடுத்தாள்.

அப்போது இன்னொரு மணி அடித்தது. அதைப் படித்த அஸீமாவின் முகம் வெளுத்துப் போயிற்று.

"என்ன புள்ள?"

"வந்த சல்லிய அப்பிடியே எடுத்திட்டாங்க மாமி. றிஷாட்ட லோனுக்காம்."

றிஷாட் அவளுடைய தம்பி. அவன் ஆட்டோ வாங்க அதே வங்கியில் கடன் எடுத்தபோது அவள்தான் பிணைக் கையெழுத்து வைத்தாள்.

இருவரும் வங்கிக்கு ஓடினார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் நல்ல மாதிரியாகத்தான் பேசினாள்.

"உங்கட தம்பி தவணை கட்டல்ல. நீங்க பிணை. கணக்கில காசு விழுந்தா சிஸ்டம் தானா எடுத்திரும்."

"அது என்ட சல்லி இல்ல மிஸ். அஞ்சு பேருட கூலி."

"கணக்கு உங்கட பேருலதானே இரிக்கி."

"அப்ப முதலாளிட்டயே திருப்பி அனுப்புங்க. அவரு வேற கணக்குக்குப் போடட்டும்."

"ஏலா. முதலாளிட வங்கி கேட்டு, நாங்க ஓம் எண்டு சொன்னா அந்த நொடியே சல்லி இங்க வந்திரும். அதுக்குப் பிறகு அனுப்பின ஆளாலயும் நிப்பாட்ட ஏலா."

"அந்த நொடியே அவங்கட வங்கி சல்லிய எண்ணிக் கொண்டாந்து உங்கட கையில தந்திருமா?" என்று கேட்டாள் நஸீறா.

"இல்ல உம்மா. வங்கியும் வங்கியும் பிறகு ஆறுதலாக் கணக்குப் பாத்துத் தீர்ப்பாங்க. அவங்களுக்குள்ள ஒரு நம்பிக்கைதான்."

நஸீறா கண்ணாடியில் இருந்த துளைக்குக் கிட்டப் போனாள். "அவங்களுக்குள்ள பொறுக்க ஏலும். நாளைக்குக் கண் வெட்டுற எனக்காகக் கொஞ்சம் பொறுக்க ஏலாதா?"

அந்தப் பெண் கீழே பார்த்தாள். "எழுதித் தாங்க. கொழும்புக்கு அனுப்புறம். பதில் வர நாளெடுக்கும்."

வெளியே வெயில் கொளுத்தியது. அஸீமா அழுதுகொண்டே நடந்தாள். நஸீறாவுக்கு அவள்மேல் இரக்கம்தான் இருந்தது, தெருமுனை வேப்பமரம் வரைக்கும். அங்கே வந்ததும் ஒரு நினைப்பு அவள் நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது.

"புள்ள, வங்கி ஒண்டும் சொல்லாமலா எடுத்த?"

அஸீமா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "போன மாசம் போன்ல கோல் எடுத்தாங்க. தம்பிட்டக் கேட்டன். அல்லாஹ்மேல சத்தியமாக் கட்டிட்டன் எண்டான்."

"எங்களுக்கு ஏன் சொல்லல்ல?"

"சொன்னா எல்லாரும் வேற கணக்குக்கு மாறிடுவீங்க மாமி. அந்தப் போன் சல்லியிலதான் புள்ளைக்குப் பால்மா வாங்குற."

நஸீறாவின் பக்கத்துத் தறிக்குழியில் கால் வைத்து, ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்தவள் அவள். நஸீறா ஓரடி விலகி நின்றாள்.

பின்னால் ஹோர்ன் அடித்தது. ஆட்டோ ஒன்று உரசுவதுபோல் வந்து நின்றது. நஸீறாவுக்கு முகம் தெரியவில்லை, குரலில்தான் றிஷாட் என்று பிடித்தாள்.

"ராத்தா! பேங்கால மெசேஜ் வந்திரிக்கி. நிலுவை ஒண்டும் இல்லையாம். பிழையாப் போட்டுட்டாங்க போல!" றிஷாட் சிரித்தான். "மாமியும் நிக்கிறீங்களா? எங்க, ஆசுபத்திரிக்கா? ஏறுங்க, உங்களுக்குச் சல்லி வேணாம்."

அஸீமா அசையவில்லை. நஸீறா ஆட்டோவின் கம்பியைப் பிடிக்கக் கையை நீட்டினாள். கை இருக்கையில் பட்டது. அவள் அதைத் துணி பார்ப்பதுபோல விரல்களால் மெல்லத் தடவினாள். போன மாதம் கிழிந்து கிடந்த இருக்கைக்குப் புது றெக்சின் உறை. மேலே போட்ட பொலித்தீன்கூட இன்னும் கழற்றப்படவில்லை.