டியாந்தி: பொருளும் பிரபலமும்

1

ஏழு வருடங்களுக்கு முன் ஒரு குழந்தையின் காதில் வேறு பெயரைச் சொன்னேன். தவறுதலாக அல்ல. தெரிந்தே சொன்னேன். இந்தக் கதை அங்கிருந்துதான் வருகிறது.

எழுதிவிட்டால் கனம் குறையும் என்று நினைத்தேன். இது நான்காவது வரைவு. குறையவில்லை.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். அண்ணிக்கு வேணி, அண்ணனுக்குச் சரவணன். அண்ணி என்னைக் கூப்பிடும் ‘மணி’யும் என் பெயர் அல்ல. குழந்தையின் பெயரை மட்டும் மாற்றவில்லை. அதை மாற்றினால் எழுத ஒன்றுமில்லை.

2

முதல் தொடக்கம்: “காவிரியில் தண்ணீர் திறந்த அன்று டியாந்தி பிறந்தாள்.”

அடித்துவிட்டேன். அன்று ஆற்றில் மணல்தான் இருந்தது.

இரண்டாவது தொடக்கம்: “டியாந்தி என்பது அரிதான ஒரு கிரேக்கப் பெண் பெயர்.”

இது நான் முன்பே எழுதிய வாக்கியம். எம்.ஏ. முடித்துவிட்டுத் திருவானைக்காவலில் ஓர் அறையில் உட்கார்ந்து, ஓர் இணையதளத்துக்குக் குழந்தைப் பெயர்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு பெயருக்கு ஒரு பக்கம். பொருள், பூர்வீகம், பிரபலம். டியாந்தியின் பக்கத்தில் இப்படி எழுதினேன். பொருள்: தெய்வீகப் பூ. பூர்வீகம்: கிரேக்கம். பிரபலம்: மிக அரிது.*

* பிரபலத்துக்கு என்னிடம் எந்த ஆதாரமும் இருந்ததில்லை. நான் கேள்விப்படாத பெயர் என்றால் ‘மிக அரிது’. யாரும் கேட்டதில்லை.

3

அண்ணனுக்குப் பெண் பிறந்தது. ஆயில்ய நட்சத்திரம். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு ஜோசியர். அண்ணனும் நானும் போனோம்.

“டி, டு, டே, டோ. இதுல ஒண்ணுல ஆரம்பிக்கணும்.”

“டு-ல என்னங்க பேரு இருக்கு?”

“அது உங்க பாடு. ஆயில்யம், அதுலயும் பொண்ணு. மாமியாருக்கு ஆகாதும்பாங்க. எழுத்தையாவது சரியா வைங்க.”

பிறந்து ஒன்பது நாளான குழந்தைக்கு வரப்போகும், யாரென்றே தெரியாத ஒரு மாமியாரை நினைத்து எங்கள் வீடு கவலைப்பட்டது. வண்டியில் திரும்பும்போது அண்ணன், “டிபன்னு வெச்சிடலாமா? காலைல எந்திரிச்சா ஊரே கூப்பிடும்” என்றார்.

அன்று மாலை என் பக்கத்தை எடுத்து அவர்களிடம் காட்டினேன். “பூன்னுதானே அர்த்தம்? நல்லாத்தான் இருக்கு” என்றார் அம்மா. முடிவாகிவிட்டது.

வேணியிடம் யாரும் கேட்கவில்லை. நானும்

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. எப்படி முடிந்தாலும் சாக்காகத்தான் இருக்கும்.)

4

வேணியை எழுத எனக்கு வரவில்லை. முதல் வரைவில் அவளை அழவைத்தேன். அவள் அழவில்லை. பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

“மணி, காகிதத்துல எது வேணா இருக்கட்டும். காதுல மட்டும் நான் சொல்ற பேரைச் சொல்லிடு.”

எங்கள் வழக்கத்தில் குழந்தைக்கு அத்தைதான், அதாவது நான்தான், பெயர் சொல்ல வேண்டும். காதை வெற்றிலையால் மறைத்து மூன்று முறை. முதலில் காதில் விழுவதுதான் பெயர், சான்றிதழில் இருப்பது வெறும் எழுத்து என்று வேணி நம்பினாள்.

“அம்மாவுக்குத் தெரிஞ்சா?”

“வெத்தலைய வெச்சு மறைச்சுதானே சொல்லப்போற? யாருக்குக் கேக்கும்?”

“அவ்வளவு புடிச்ச பேரா அண்ணி?”

“உள்ள இருக்கறப்பவே அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவேன். கூப்பிட்டா உதைப்பா. வெளிய வந்ததும் நீ அவ இல்ல, வேற ஆளுன்னு சொன்னா எப்படி?”

பெயரைச் சொன்னாள். மூன்றெழுத்து. சாதாரணமான பெயர். தெருவுக்கு ஒருத்தி இருப்பாள்.

“சரிங்க அண்ணி” என்றேன்.

5

முப்பதாம் நாள் தொட்டில் போட்டோம். குழந்தையை என் மடியில் வைத்தார்கள். வெற்றிலையைக் காதருகே பிடித்தேன்.

இரண்டாவது வரைவில் “என் நாக்கு தடுமாறியது” என்று எழுதியிருந்தேன். பொய். தடுமாறவில்லை. நூற்றுக்கணக்கான பெயர்களுக்குப் பக்கம் எழுதியிருக்கிறேன், அதில் ஒன்றுகூட எழுந்து நடந்ததில்லை என்று நினைத்தேன். ஒன்றாவது நடக்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

டியாந்தி என்று மூன்று முறை சொன்னேன்.

எதிரே வேணி கண்ணை மூடிக் கைகூப்பியிருந்தாள்.

[இங்கே மன்னிப்புக் கேட்கும் ஒரு வாக்கியம் இருந்தது. எடுத்துவிட்டேன். அதை வாசகரிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது.]

6

அண்ணனுக்குத் துவாக்குடியில் ஒரு பட்டறையில் வேலை கிடைத்து மூவரும் அங்கே போனார்கள். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் வேணி எனக்கு போன் செய்வாள். “நீ சொன்ன பேருதான் அவளுக்குத் துணை.” நான் சரிங்க அண்ணி என்பேன். ஏழு பிறந்தநாள். ஏழு சரிங்க அண்ணி.

மூன்று மாதங்களுக்கு முன் இரண்டாவது பெண் பிறந்தது. இந்த முறை எழுத்தில் சிக்கல் இல்லை. வைஷ்ணவி என்று பத்து நிமிடத்தில் முடிவானது. அன்று சாயங்காலமே வேணி பேசினாள்.

“போன தடவை மாதிரியேதான் மணி. பேரை அன்னிக்குச் சொல்றேன். போன்ல வேணாம்.”

7

தொட்டில் போடும் அன்று துவாக்குடி பஸ்ஸில் உட்கார்ந்து இரண்டு முடிவுகள் எழுதினேன்.

அ. வேணியை அடுப்படிக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொல்கிறேன். அவள், “விடு மணி” என்கிறாள்.

(எனக்கு வேண்டிய மன்னிப்பை நானே எழுதி அவள் வாயில் வைத்திருக்கிறேன். அடித்துவிட்டேன்.)

ஆ. எதுவும் சொல்வதில்லை. இந்தக் குழந்தைக்காவது சரியான பெயரைச் சொல்கிறேன். முதல் பெண் தெரியாமலே வளர்கிறாள்.

(திருவெறும்பூர் வரை இதுதான் முடிவாக இருந்தது.)

8

நடந்தது வேறு.

நான் வெற்றிலையைக் கழுவிக்கொண்டிருந்தேன். பெரியவள் வந்து என் துப்பட்டாவை இழுத்தாள்.

“அத்தை, ஸ்கூல்ல என்னை டீ ஆன்ட்டின்னு கூப்பிடுறாங்க. ஆன்ட்டி, ரெண்டு டீ, ஒண்ணு சக்கரை கம்மின்னு சொல்றாங்க.”

“நீ என்ன சொல்லுவ?”

“ஒண்ணும் சொல்ல மாட்டேன். அது என் பேரே இல்லல்ல? காதுல சொன்னதுதான் நெஜப் பேராம். அம்மா சொன்னாங்க.”

“என்ன பேருன்னு அம்மாவக் கேக்கலையா?”

“கேட்டேனே. காதுல சொன்னவங்கதான் சொல்லணுமாம்.”*

* அப்படி ஒரு வழக்கம் எங்களில் கிடையாது. வேணியாக உண்டாக்கியது. எனக்குக் கொடுத்த மரியாதை.

பாயில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த வேணி சிரித்தாள். “தெனமும் உசிர வாங்குறா. சொல்லிடு மணி. ரெண்டாங் கிளாஸ் போயாச்சு, பெரிய மனுஷி.”

பெரியவள் முடியை ஒதுக்கிக்கொண்டு காதைக் காட்டினாள்.

அந்த மூன்றெழுத்தும் எனக்கு நினைவிருந்தது. அப்போது சொல்லியிருந்தாலும் போதும். ஏழு வருடம் தாமதமாக அது உண்மையாகியிருக்கும். யாருக்கும் தெரிந்திருக்காது.

குனிந்தேன். டியாந்தி என்றேன்.

அவள் தலையைப் பின்னால் இழுத்து என்னைப் பார்த்தாள்.

“அதேதானா?”

நான் வெற்றிலையைத் துடைத்தேன்.

“டியாந்தியேதானா அத்தை?”

வேணியின் சிரிப்பு நின்றது. கையை மட்டும் நீட்டினாள்.

“அதக் குடு.”

வெற்றிலையைக் கொடுத்தேன். அவளே குழந்தையின் காதை மறைத்துப் பிடித்தாள்.

“என்ன வேணி, மணிதானே சொல்லணும்?” என்றார் அண்ணன்.

“நானே சொல்லிக்கிறேன்.”

மூன்று முறை உதடுகள் அசைந்தன. எனக்குக் கேட்கவில்லை. பிறகு பெரியவளைப் பக்கத்தில் இழுத்தாள். அவள் காதிலும் சொன்னாள்.

“இன்னொரு தடவ சொல்லும்மா.”

சொன்னாள்.

“இன்னொரு தடவ.”

9

ஏன் உண்மையைச் சொன்னேன் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். ‘நேர்மை’ என்று எழுதி அடித்துவிட்டேன். முதல் முறை பொய் சொன்னது என் பக்கத்துக்காக. இரண்டாம் முறை உண்மையைச் சொன்னது என் கனத்தை இறக்க. இரண்டு முறையும் எதிரே ஒரு காது இருந்தது. இரண்டு முறையும் அதை நான் நினைக்கவில்லை. இப்போது எழுதும் இதுவும்

சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். வேணியே பரிமாறினாள். “ரசம் ஊத்தட்டுமா?” என்றாள். அதன்பின் போன் இல்லை.

நான் எழுதும் எதையும் முதலில் படிப்பது வேணிதான். எங்கே பொய் என்று சொல்லிவிடுவாள். இதை அனுப்பவில்லை. அதனால் இதில் இன்னும் எங்கே பொய் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

பெரியவளின் பெயர் என்ன என்று கேட்பீர்கள். சொல்ல வேண்டிய இடத்தில் இரண்டு முறை சொல்லாமல் விட்டேன். இங்கே சொல்ல எனக்கு உரிமை இல்லை. சின்னவளின் காதில் விழுந்த பெயர் எனக்கே தெரியாது.

முடிவும் வேணியிடம்தான் இருக்கிறது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துவாக்குடி பஸ் நிற்கும். பட்டறைக்குப் பின்னால் இரண்டாவது தெரு. கேட்டால் சொல்வாள், ஒளிக்கிற ஆள் இல்லை.

போனால் என் பெயரைச் சொல்ல வேண்டாம்.