நாத்தனார் கையில் பூ

திண்டிவனம் பூக்கடையில் கடைக்காரி போட்ட முழத்தை நம்பாமல் வேணி தன் கையாலேயே அளந்து வாங்கினாள். "நெருக்கமா கட்டுன சரமா குடும்மா, என் தம்பிக்குப் பூ வைக்கப் போறோம்!" என்று கேட்காதவர்களுக்கும் சொன்னாள். மாப்பிள்ளையின் அக்கா பெண்ணின் தலையில் பூ வைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி. தம்பி தேவா கனடாவிலிருந்து முந்தாநாள்தான் வந்திருந்தான். அவனை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

விழுப்புரம் போகும் வேனில் ஒரே பாட்டும் கைதட்டலும். தேவா அவள் காதோரம் குனிந்தான்.

"அக்கா, எனக்குப் பொண்ணுங்க மேல ஆசை வராது. ஆம்பளைங்க மேலதான்."

"கனடா குளுருல கத்துக்கினு வந்தியா?"

"பத்தாவது படிக்கும்போதே தெரியும்க்கா. அதுக்குத்தான் ஊரை உட்டே போனேன். அங்கயும் நம்ம பசங்களோடதான் ரூம். ஒருத்தன் இப்படின்னு தெரிஞ்சி, கிண்டல் பண்ணியே துரத்துனாங்க. நானும் மாட்டிக்குவேன்னு பயந்து கூடச் சேர்ந்து சிரிச்சிக்கினு இருந்தேன்."

"கல்யாணம் ஆனா சரியாப் பூடும். வாயை மூடிக்கினு வா."

சொல்லிவிட்டாளே தவிர, அவளாலேயே அதை நம்ப முடியவில்லை. அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியும். போனில் கல்யாணப் பேச்சை எடுத்தபோதெல்லாம் அதைத்தான் கேட்டிருக்கிறாள்.

பெண் வீட்டுக் கூடம் நிறைந்திருந்தது. "ஜல்தி வேணி, நல்ல நேரம் போவுது!" என்றார் பெரியப்பா சுப்பராயலு. வேணி சரத்தோடு குனிந்தாள். மணப்பெண் சங்கவி கண்கள் மின்ன, அவளுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்: "அண்ணி, நெசமாவே அவருக்கு என்னைப் புடிச்சிருக்குதா?"

கை நின்றது. இப்போது பொய் சொன்னால், இந்தப் பெண் ஆயுசு முழுக்க இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பாள். வேணி சரத்தைத் தாழ்த்தித் தம்பியைப் பார்த்தாள். அவன் எழுந்தான்.

"மன்னிச்சிடுங்க. எனக்கு ஆம்பளையத்தான் புடிக்கும். இந்தப் பொண்ணை ஏமாத்த முடியாது."

"த்தூ! மானத்தைக் கப்பலேத்திட்டியேடா!" சுப்பராயலு கை ஓங்கிக்கொண்டு வந்தார்.

"அடிக்காதீங்க!" சங்கவிதான் கத்தினாள். குரல் உடைந்திருந்தது. "பூ வைக்கறதுக்கு முந்தியே சொன்னாரே, அது போதும்."

வேணி குறுக்கே பாய்ந்து நின்றாள். பயத்தையும் மீறி, தம்பியை இன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல ஒரு குதூகலம் உடம்பெங்கும் ஓடியது.

"அவன் மேல கை வைக்காதீங்க பெரியப்பா! அவன் பொறந்த விதத்துல ஒரு தப்பும் இல்ல. அவனை வாய் தொறக்க உடாம பண்ணோமே, அதுதான் தப்பு. நம்ம மானத்துக்கு மூடி போட இன்னொரு வீட்டுப் பொண்ணைக் கேட்டோமே, அது அதைவிடப் பெரிய தப்பு!"