முடுக்கின் கடைசி வீடு

ஜெயஷீலா டீச்சருக்கு நான் வட்டலப்பம் செய்து கொடுத்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதையும் அவர் எழுதிவிட்டார்.

டீச்சருக்குச் சொந்த ஊர் எங்கள் பக்கத்திலுள்ள நாசரேத். தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் பேராசிரியை. பிள்ளைகள் இன்டர்நெட்டில் என்னென்ன ஆபத்தில் மாட்டுகிறார்கள், அதற்கு அரசாங்கம் என்ன சட்டம் போட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. காயல்பட்டினத்தில் என் மகள் பாஹிமா படிக்கிற பள்ளிக்கு வந்து, பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தார். அப்படித்தான் எங்களுக்குப் பழக்கம்.

அந்தச் சமயத்தில் எவனோ ஒரு வீணாப்போனவன் பாஹிமாவின் பள்ளி ஆண்டுவிழாப் படத்தை எடுத்து, அவள் பெயரில் ஒரு கணக்கைத் தொடங்கி, கண்டதையும் எழுதிக்கொண்டிருந்தான். பிள்ளை அதை என்னிடம் சொல்லவில்லை. டீச்சரிடம்தான் சொன்னாள். எனக்கு அது வலிக்கத்தான் செய்தது. ஆனால் டீச்சர் நாலு இடத்துக்கு எழுதிப்போட்டு, அந்தக் கணக்கை மூடவைத்துவிட்டு, அதன் பிறகே பாஹிமாவை உட்காரவைத்து என்னிடம் சொல்லச் சொன்னார். ஊரில் ஒரு ஈ காக்காய்க்குக்கூடத் தெரியவில்லை. அதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. அன்றைக்கு அவர் என் கண்ணுக்கு வானத்திலிருந்து இறங்கிய மலக்கு மாதிரித் தெரிந்தார்.

பிறகு ஒருநாள் வீட்டுக்கே வந்தார். பாஹிமாவுக்கு நடந்ததை ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"பேரு எங்கயும் வராதும்மா. பேர மாத்தித்தான் போடுவோம். இதப் படிச்சு நாளைக்கு ஒரு சட்டம் வந்தா, எத்தனையோ பிள்ளைகளுக்கு நல்லது" என்றார்.

ஊருக்கு ஊர் பாடம் சொல்லிக்கொடுக்கிற நாசரேத் டீச்சர் என்றால் எங்கள் பக்கத்தில் ஒரு மரியாதை. நான் சரி என்றேன். பாஹிமாவும் சரி என்றாள். டீச்சர் வட்டலப்பத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். வாசலில் நிற்கிற மாதுளை மரத்தைப் பார்த்தார். எங்கள் வீட்டுக்கு வரும் முடுக்கைப் பார்த்து அசந்துபோனார். எங்கள் ஊரில் தெருவுக்குப் பின்னால் பெண்கள் மட்டும் நடக்கிற குறுகலான சந்துதான் முடுக்கு. ஆம்பிளை கண் படாமல் வீட்டுக்கு வீடு போய்வரலாம். "எவ்வளவு அழகான ஏற்பாடு" என்று சொல்லிக்கொண்டே போனார்.

அந்த அழகுதான் எங்களுக்குக் கேடாக முடிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு முத்து பீவி ராத்தா பேப்பரோடு வந்து நின்றார். ஞாயிறு இணைப்பில் டீச்சர் கட்டுரை எழுதியிருந்தார். ராத்தா ஒரு இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். ஆயிஷா என்று ஒரு பிள்ளையாம். பெயர் மாற்றப்பட்டுள்ளது என்று அடைப்புக்குறிக்குள் நேர்மையாகப் போட்டிருந்தார்கள். அந்த ஆயிஷாவின் வாப்பா சவூதியில் தம்மாம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாராம். காயல்பட்டினத்தில், பெண்கள் நடக்கும் முடுக்கின் கடைசி வீட்டில், மாதுளை மரத்தடியில் உட்கார்ந்து அவள் அழுதுகொண்டே தனக்கு நேர்ந்ததைச் சொன்னாளாம். அவளுடைய தாய் வட்டலப்பம் கொடுத்தாளாம். அந்தக் கேடுகெட்டவன் என்னென்ன எழுதினான் என்பதும் பட்டும் படாமலும் இருந்தது.

நல்ல நடைதான். படிக்கிறவர்களுக்குக் கண்ணில் தண்ணீர் வரும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதை அவ்வளவு அழகாக எழுத எல்லோராலும் முடியாது.

எங்கள் ஊரில் பேரைச் சொல்லி யார் ஆளைத் தேடுகிறார்கள்? ஒரே தெருவில் ஐந்து பாஹிமா இருப்பார்கள். எந்த வீட்டுப் பிள்ளை, எந்த முடுக்கு, வாப்பா எந்த நாட்டில் என்ன வேலை பார்க்கிறார் என்றுதான் கேட்பார்கள். டீச்சர் யாருக்கும் தேவைப்படாத ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, தேவையான அத்தனையையும் அப்படியே வைத்துவிட்டார்.

சாயங்காலம் அசர் தொழுகைக்குள் அந்தப் பேப்பர் பக்கம் ஊரிலிருக்கிற எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் வந்துவிட்டது. மறுநாள் தம்மாமிலிருந்து என் மாப்பிள்ளை, பாஹிமாவின் வாப்பா முஸம்மில் பேசினார்.

"நம்ம ஊர்க்காரன் ஒருத்தன் என்கிட்ட வந்து, வீட்டு மாதுளை காய்ச்சிருக்கான்னு கேக்கான் ஜஹ்ரா. சுத்தி நின்னவனெல்லாம் சிரிக்கான்" என்றார். பிறகு "பிள்ள சாப்பிட்டாளா?" என்று மட்டும் கேட்டார்.

பாஹிமா சாப்பிடவில்லை. பள்ளிக்கூடம் போவதையும் நிறுத்திவிட்டாள். போகக் கூடாது என்று யாரும் அவளைத் தடுக்கவில்லை. முடுக்கில் அவள் நடந்தால் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு, அவள் தாண்டிப்போனதும் மறுபடி பேசினார்கள். யார் கண்ணிலும் படாமல் நடக்க முன்னோர் விட்ட சந்து அது. இப்போது ஊரே அவளைப் பார்க்கிற இடம் அதுவாகிவிட்டது. வக்கீலுக்குப் படிப்பேன் என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை, வாசலைக்கூட எட்டிப்பார்ப்பதில்லை. வருகை குறைந்தால் பரீட்சை எழுதவிட மாட்டோம் என்று பள்ளிக்கூடத்திலிருந்து சொல்லிவிட்டார்கள்.

நான் பொறுத்துப் பார்த்துவிட்டு, பாஹிமாவைக் கூட்டிக்கொண்டு தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினேன்.

கல்லூரி வாசலில் பெரிய பேனர் கட்டியிருந்தது. குழந்தைகளின் இணையப் பாதுகாப்பு பற்றிய கருத்தரங்காம். டீச்சர் பட்டுச்சேலையில் இருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. கட்டுரையைப் பார்த்துவிட்டுப் பாராட்ட வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார் பாவம். நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அந்த முகம் சுருங்கியது.

"பேரத்தான் மாத்திட்டோமேம்மா. உலகம் பூரா இதுதான் முறை" என்றார்.

"உலகத்துக்கு எங்கள அடையாளம் தெரியாது டீச்சர். எங்க ஊருக்குத் தெரியுமே. இவ தினம் முழிக்கது ஊர்க்காரங்க மூஞ்சிலதான்."

"நான் கெட்ட எண்ணத்துல எழுதல. இதால எத்தனையோ பிள்ளைகளுக்கு நன்ம வரும்."

"அத்தன பிள்ளைகளுக்கும் நன்ம செய்ய, பலி குடுக்க என் பிள்ளதான் கிடைச்சாளா?"

அதற்குள் சட்டை காலரில் பேட்ஜ் குத்திய ஒருவர் வந்து, மேடைக்கு நேரமாகிவிட்டது என்றார். டீச்சர் எழுந்துகொண்டே குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"எடிட்டர்ட்ட கேட்டுப் பாக்கேன். ஆனா உண்மையச் சொல்லுதேன், அவங்க எடுத்தாலும் ஃபார்வர்டு ஆனது ஆனதுதான். அத ஒண்ணும் செய்ய முடியாது."

அதுவரை வாயே திறக்காத பாஹிமா நிமிர்ந்து பார்த்தாள்.

"இத நீங்க கிளாஸ்ல சொன்னீங்க டீச்சர். ஒருக்கப் போட்டா திரும்ப எடுக்க முடியாது, அதனால போடுததுக்கு முன்னால யோசிங்கன்னு. நான் நோட்ஸ் எடுத்தேன்" என்றாள்.

டீச்சர் கண் கலங்கியது. பொய்க் கண்ணீர் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் மேடைக்குத்தான் போனார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பாஹிமா என் போனை வாங்கினாள். யாராவது உங்களைப் பற்றிப் போட்டதை எடுக்க மறுத்தால் என்ன செய்ய வேண்டும் என்று டீச்சர் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார் அல்லவா? அதன்படியே செய்தாள். கட்டுரையைப் படம் பிடித்தாள். தேதியைப் போட்டாள். நடந்ததைக் கோர்வையாக எழுதினாள். டீச்சர் கொடுத்திருந்த, அரசாங்க ஆபீஸின் புகார் எண்ணுக்கே அனுப்பினாள். நெடுநாளைக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு தெளிவைப் பார்த்தேன்.

"இதுக்குப் பதில் வரட்டும் உம்மா. வந்ததும் ஸ்கூலுக்குப் போறேன்" என்றாள்.

அன்றைக்கே யூனிஃபார்மைத் துவைத்துத் தேய்த்து நாற்காலி முதுகில் போட்டுவைத்தாள். நானும் நம்பினேன். தொழுகைக்குத் தொழுகை துஆ கேட்டேன்.

அடுத்த வாரம் அந்தப் புகார் ஆபீஸிலிருந்து போன் வந்தது. பாஹிமாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். பேசியவர் தன்மையான மனிதர்.

"உங்க மக அனுப்புன புகார ரொம்ப சீரியஸா எடுத்திருக்கோம்மா. நேர்ல வந்து பிள்ளைட்டப் பேசி அறிக்கை தரச் சொல்லி, ஆலோசகர்ட்ட ஒப்படைச்சிருக்கோம். இந்த விஷயத்துல மாவட்டத்துல அவங்களுக்கு மிஞ்சி ஆள் கிடையாது. பேராசிரியை ஜெயஷீலா. கேள்விப்பட்டிருப்பீங்க."

புகாரில் யாருடைய பெயர் இருக்கிறது என்று அவர் படித்துப் பார்க்கவே இல்லை.

"அவங்க பேர்லதானய்யா புகாரே" என்றேன்.

"அப்படியா? கட்டுரைல உங்க மக பேரு இல்லன்னு மேடமே சொன்னாங்களே. சரி, எதுனாலும் நேர்ல பேசிக்கிடுங்க. வீட்டுக்கு அடையாளம் மட்டும் சொல்லுங்கம்மா, குறிச்சிக்கிடுதேன்."

நான் பாஹிமாவைப் பார்த்தேன். அவள் போனுக்குப் பக்கத்தில் குனிந்து, அவருக்குக் கேட்கும்படி நிதானமாகச் சொன்னாள்.

"வேண்டாம் சார். அடையாளமெல்லாம் அவங்களே பேப்பர்ல போட்டிருக்காங்க."

"ரொம்ப நல்லதாப் போச்சு" என்று அவர் போனை வைத்துவிட்டார்.

பாஹிமா எழுந்துபோய், நாற்காலியில் கிடந்த யூனிஃபார்மை எடுத்து மடித்து, அலமாரியின் அடித்தட்டில் பழந்துணிகளோடு வைத்தாள்.